ஹெலிபாவாவின் சாக்கும் சாரனும்

ஓட்டமாவடியில் "முகைதீன்பாவா!" என்று கூப்பிட்டால் குறைந்தது ஆறு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். "ஹெலிபாவா!" என்று கூப்பிட்டால் ஒருவர்தான் திரும்புவார். அவரும் முறைத்துக்கொண்டுதான் திரும்புவார்.

வயது அறுபத்து மூன்று. ஆள் நெட்டை. வாழ்நாள் முழுக்க வரம்பில் நடந்த கால் என்பதால் தார் ரோட்டிலும் ஒரு காலுக்கு நேர் முன்னால் மறு காலை வைத்துத்தான் நடப்பார். நாலு ஏக்கர் வயல், பத்து எருமை, ஒரு பழைய உழவு மெசின், கட்டாரில் ஒரு மகன், பள்ளிக்கூடத்தில் சிங்களம் படிப்பிக்கிற ஒரு மகள். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். வாழ்க்கையில் ஒரே ஒரு பொய் சொன்னார். அந்த ஒரு பொய் முப்பத்தொரு வருஷம் அவரைப் பிடித்து ஆட்டு ஆட்டென்று ஆட்டியது.

பொய் ஒன்று, உண்மை ஒன்று. கொடுமை என்னவென்றால் ஊர் சிரித்தது அவருடைய உண்மையைக் கேட்டுத்தான்.

"பட்டாளத்து ஹெலி ஒண்டு வந்து எண்ட நெல்லத் தூத்தித் தந்திட்டுப் போச்சு" என்பார் பாவா.

"கூலி என்ன காக்கா குடுத்தீங்க?" என்பான், மூத்தவர்களைக் காக்கா என்று கூப்பிடும் தேநீர்க்கடை றுஸ்தி, கேட்டுக் கேட்டுச் சலிக்காத கேள்வியை.

"அரைச் சாக்கு நெல்லு."

அவ்வளவுதான். கடையில் இருந்தவன் நின்றவன் எல்லோரும் வாயில் இருந்த பிளேன்டீயைத் துப்பிச் சிரிப்பார்கள். ஹெலிகொப்டருக்கு நெல்லுக் கூலியாம்! பட்டம் அப்படி வந்ததுதான்.

நடந்தது இது. நம்பாதவர்கள் றுஸ்தியின் கடையில் போய் உட்கார்ந்துகொள்ளலாம், இடம் இருக்கிறது.

தொண்ணூற்று நாலாம் ஆண்டு, பங்குனி மாதம். பெரும்போகம் நல்ல விளைச்சல். அறுத்த கதிரை உப்பட்டியாகக் கட்டி, சூடாகக் குவித்து வைத்து, உழவு மெசினை வட்டமாக ஓட்டி அடித்தும் ஆயிற்று. நெல் அடிக்கும் களவெட்டியின் நடுவில் நெல்லும் பதரும் கூளமும் கலந்து ஒரு குன்றாகக் கிடந்தது. தூற்ற வேண்டியதுதான் பாக்கி. தூற்றக் காற்று வேண்டுமே! ஒரு நாள் பார்த்தார்கள், இரண்டு நாள் பார்த்தார்கள், மூன்றாம் நாளும் ஓர் இலை அசையவில்லை. மேற்கில் மழைக் கருக்கல் வேறு எட்டி எட்டிப் பார்த்தது. நனைந்தால் அவ்வளவு நெல்லும் முளைத்துப் போகும். மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. கூட நின்றவர்கள் எல்லோரும் ஜும்ஆத் தொழுகைக்குப் போய்விட்டார்கள். மாடு வந்து வாய் வைக்காமல் பார்க்க ஓர் ஆள் வேண்டுமென்று பாவா மட்டும் தனியே நின்றார். "யா அல்லாஹ், கொஞ்சம் காத்தத் தா" என்று வானத்தைப் பார்த்துக் கேட்டார்.

அல்லாஹ் கொஞ்சமாகத் தரவில்லை.

ஹெலிச் சத்தம் கேட்டால் ஊரே கதவைச் சாத்திக்கொண்ட காலம் அது. பாவாவும் ஓடத்தான் பார்த்தார். அறுத்துப் போட்ட வயல் வட்டையில் ஓடி ஒளிய இடம் ஏது? வைக்கோலுக்குப் பின்னால் குந்திக்கொண்டு கலிமாச் சொன்னார். ஹெலி இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, இருமி இருமிப் பக்கத்து வயலில் வந்து இறங்கியது. இறங்கியும் இறக்கை நிற்கவில்லை. அந்தக் காற்று வந்து குவியலில் அடித்தது பாருங்கள், யம்மாடி! பதர் போன இடம் தெரியவில்லை, கூளம் போன இடம் தெரியவில்லை. வானம் முழுக்க மஞ்சள். கொஞ்சம் நெல்லும் சேர்ந்து பறந்ததுதான், இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் தூசி கொஞ்சம் விலகியபோது களவெட்டியில் கிடந்தது கழுவி எடுத்த மாதிரியான நெல். மூன்று நாளாகக் காத்துக் கிடந்த வேலை மூன்று நிமிஷத்தில் முடிந்திருந்தது.

பாவாவுக்குப் பயம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. தனியே நின்று குதித்துக் குதித்துச் சிரித்தார். சிரிக்கும்போதே நெஞ்சில் ஒரு முள் தைத்தது. இந்தப் பக்கத்துக் களவெட்டிகளில் ஒரு முறை உண்டு. தூற்றக் கை கொடுத்தவன் யாராக இருந்தாலும் சரி, வழிப்போக்கனோ பகையாளியோ, நெல் கொடுக்காமல் அனுப்பக் கூடாது. வெறுங்கையோடு போனால் அடுத்த போகத்தில் பரக்கத் இருக்காது, விளைச்சல் கட்டாது. வந்தது யாரென்று மூளை யோசிப்பதற்கு முன்னால் கை சாக்கை எடுத்துவிட்டது. அரைச் சாக்கு நிரப்பி, வாயைக் கட்டி, தலையில் தூக்கிக்கொண்டு, அந்தப் புயலுக்குள்ளால் ஓடிப் போய்த் திறந்திருந்த கதவுக்குள் எறிந்தார். உள்ளே நின்றவர்கள் கத்தினார்கள். ஒருவன் துவக்கைத் தூக்கினான். பாவா இரண்டு கையையும் விரித்துக் காட்டிப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். ஹெலி அலறிக்கொண்டு எழும்பி வாழைச்சேனைப் பக்கமாகப் போய் மறைந்தது.

சத்தம் அடங்கியது. அப்போதுதான் தொடையில் குளிர் தட்டியது. குனிந்து பார்த்தார். மேலே சட்டை இருந்தது. கீழே பிறந்த மேனி.

நோன்புப் பெருநாளைக்கு மனைவி ஸைனம்பு வாங்கித் தந்த சாரன், மருதமுனைத் தறியில் நெய்தது, உடுத்து இரண்டு வாரம் ஆகவில்லை. பதரோடு பதராகப் போய்விட்டது. எப்போது போனது என்றே தெரியவில்லை. அப்படியென்றால் ஓடியதும் அந்தக் கோலத்தில்தான், சாக்கை எறிந்ததும் அந்தக் கோலத்தில்தான், கையை விரித்துச் சிரித்ததும் அந்தக் கோலத்தில்தான். பாவா அங்கேயே நெல்லில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

ஜும்ஆ முடிந்து வந்தவர்கள், காற்று எழும்பியிருக்கிறது, மனிதன் ஒற்றையாளாக நின்று தூற்றியிருக்கிறான், வெயிலில் மண்டை குழம்பி ஹெலி ஹெலி என்கிறான் என்று முடிவு கட்டினார்கள். அதையாவது தாங்கலாம். இடுப்பில் அவர் சுற்றியிருந்த சாக்கை வேலைக் கோலமென்று நினைத்தார்கள். பொழுது சாய, அந்தச் சாக்கோடேயே வீட்டுக்கு வந்தார். கைக்குழந்தை றிஸ்னாவைத் தோளில் போட்டுக்கொண்டு ஸைனம்பு வாசலில் நின்றாள்.

"சாரன் எங்க?"

"வாய்க்கால்ல குளிக்கக்குள்ள தண்ணி இழுத்துக்கிட்டுப் போயிட்டு புள்ள."

"அரைச் சாக்கு நெல்லும் குறையுதாமே?"

"அத ஹெலிக்குக் குடுத்திட்டன்."

அட மனிதா! வேளாண்மைக்காரன் சொல்லக்கூடிய பொய்யா அந்த வாய்க்கால் கதை? அறுவடைக்கு முன்பே வாய்க்காலில் தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். பங்குனியில் அந்த வாய்க்காலில் ஆடு படுத்திருக்கும். ஸைனம்புவும் வேளாண்மைக்காரன் மகள்தான். அவள் அவரை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தாள். "ம்" என்றாள். உள்ளே போய்விட்டாள்.

அந்த "ம்" முப்பத்தொரு வருஷம் நீண்டது. சண்டை சச்சரவு ஒன்றுமில்லை. ஆக்கிப் போட்டாள், மகனையும் பெற்றாள், காய்ச்சல் வந்தால் விடிய விடிய நெற்றியில் கை வைத்திருந்தாள். ஆனால் ஹெலிக் கதையை அவர் எடுத்தால் எழும்பிப் போய்விடுவாள். ஊர் சிரித்தது பாவாவுக்குப் பெரிதாகச் சுடவில்லை. அவள் எழும்பிப் போனது சுட்டது. நெல்லும் சாரனும் வேறு எங்கேயோ ஒரு வீட்டில் போய் இறங்கியிருக்கின்றன என்று அவள் நினைக்கிறாள், அது அவருக்கு நன்றாகத் தெரியும். எந்த வீடு என்று அவள் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடலாமே என்று கேட்பீர்கள். பட்டாளத்துக்கு முன்னால் அம்மணமாக நின்று பல்லைக் காட்டினேன் என்று எந்த வாயால் சொல்வது? நாளைக்குச் சொல்வோம் என்று தள்ளினார். நாளைகள் சேர்ந்து தாடி நரைத்துவிட்டது.

இப்படியிருக்க, இந்த வருஷம் ஆனி மாதம் ஒரு பகலில் மகள் றிஸ்னா பள்ளிக்கூடத்திலிருந்து போன் எடுத்தாள். பிள்ளைக்கு மூச்சு வாங்கியது.

"வாப்பா! உங்கட சாக்கு புத்தகத்துல வந்திரிக்கு!"

"என்ன சாக்கு?"

"நெல்லுச் சாக்கு வாப்பா! ஹெலி ஓட்டின ஒரு பெரியவர், ரிட்டயர் ஆன விங் கமாண்டர், மீகஸ்தென்ன எண்டு பேர். யுத்த காலத்துக் கதையெல்லாம் சிங்களத்துல புத்தகமா எழுதியிரிக்கார். முகநூல்ல ஒரு ஆள் நாலு வரி எடுத்துப் போட்டிரிக்கு. ஓட்டமாவடிக்கு மேற்கால வயல்ல இறக்கினாராம், ஒரு மனிசன் நெல்லுச் சாக்கு எறிஞ்சாராம்!"

பாவாவுக்குக் காது அடைத்தது, கண் நிறைந்தது, கால் தரையில் நிற்கவில்லை. போனை எருமையின் காதில் வைத்து, "கேளு, நீயும் கேளு!" என்றார். அப்படியே றுஸ்தியின் கடைக்கு ஓடி, இருந்தவர்கள் எல்லோருக்கும் தேத்தண்ணியும் பணிசும் சொன்னார். "புத்தகத்துல வந்திட்டுடா! அச்சடிச்சு வந்திட்டு!" றுஸ்தி வாயைப் பிளந்தான். பாவா ஒரு பணிசைக் கடித்தார். கடித்த பணிசு பாதித் தொண்டையில் நின்றது.

மகளுக்குத் திருப்பிப் போன் எடுத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மகள், அந்தப் புத்தகத்துல படமும் போட்டிரிக்கா?"

"என்ன படம் வாப்பா?"

"சும்மாதான். எண்ட படம்."

"ஹெலிக்குள்ள இருந்த ஆள் உங்களப் படம் எடுக்கிற எண்டா எப்பிடி வாப்பா?"

"அதுவும் சரிதான்" என்றார். ஆனால் அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. அரைமணி நேரம் சந்தோஷத்தில் மிதப்பார், அடுத்த அரைமணி நேரம் வியர்த்து வழிவார். எழுதின மனிதர் நெல்லை எழுதினால் போதாதா? நெல் கொண்டுவந்தவனுக்கு உடுப்பு இருந்ததா இல்லையா என்றெல்லாம் எழுதுவாரா? பைலட்மார் கண் கூர்மையானது என்று சொல்கிறார்களே!

றிஸ்னா கடையில் சொல்லி வைத்த புத்தகம் பொலநறுவை பஸ்ஸில் வருகிறது என்று சொல்லியிருந்தார்கள். மூன்று நாள், காலைப் பஸ்ஸிலிருந்து பின்னேரப் பஸ் வரைக்கும் பாவா தரிப்பிடத்தில் தவம் கிடந்தார். மூன்றாம் நாள் கொண்டக்டரின் கையிலிருந்து பார்சலைப் பறித்துக்கொண்டு போய் ஒரு மதிலுக்குப் பின்னால் உட்கார்ந்து பிரித்தார். சந்தைச் சிங்களம் பேசுவாரே தவிர வாசிக்கத் தெரியாது. படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். மீசை வைத்த பைலட், மீசை எடுத்த பைலட், கல்யாண மாப்பிள்ளையாகப் பைலட். ஒரு படத்தில் மேலிருந்து எடுத்த வயல் ஒன்று இருந்தது, நடுவில் ஒரு சின்னக் கறுப்புப் புள்ளி. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். விரலால் உரசினார். புள்ளி விரலோடு வந்துவிட்டது. "அல்ஹம்துலில்லாஹ்" என்று மதிலில் சாய்ந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்து மகளை மெல்ல அழைத்தார். "மகள், முதல்ல எண்ட காதுக்குள்ள வாசி."

குசினி வாசலில் நின்ற ஸைனம்பு அதைக் கேட்டுவிட்டாள். "காதுக்குள்ள என்னத்துக்கு? இத்தின வருசம் ஊருக்குச் சத்தமாச் சொன்ன கதைதானே. நீ சத்தமா வாசி புள்ள."

அஸர் தொழுகை முடிந்திருந்தது. றுஸ்தி கடையைப் பூட்டிவிட்டுப் பாதித் தெருவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். கூடத்தில் இடமில்லாமல் ஜன்னலுக்கு வெளியிலும் தலைகள். பாவா கதிரையின் நுனியில் இருந்தார், சாரனின் இடுப்புச் செருகலை ஒரு கையால் இறுக்கிப் பிடித்தபடி. றிஸ்னா பக்கத்தைக் கண்டுபிடித்து, சிங்களத்தைப் பார்த்துத் தமிழில் சொல்லிக்கொண்டே போனாள்:

"எண்ணெய் குறைகிறது என்று சிவப்பு விளக்கு எரிந்தது. கீழே அறுவடை முடிந்த வயல். இறக்கினேன். என் இயந்திரக்காரன் எதையோ முறுக்கிச் சரி செய்துகொண்டிருந்தான். சுற்றிலும் மஞ்சள் புயல். அதற்குள்ளிருந்து ஒரு மனிதன் தலையில் மூட்டையோடு ஓடி வந்தான். 'குண்டு!' என்று துவக்குக்காரன் கத்தினான். சுடாதே என்று நான் கத்தினேன், ஏனென்றால் அந்த மனிதன் சிரித்துக்கொண்டிருந்தான். மூட்டை உள்ளே வந்து விழுந்தது. விளக்காவது மண்ணாங்கட்டியாவது என்று மேலே கிளப்பினேன். மூட்டையைத் தள்ளிவிட யாரும் கிட்டப் போகவில்லை. அசைந்தால் வெடிக்கும் என்று நான்கு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு வாவிக்கு மேலால் பறந்தோம். மட்டக்களப்பில் இறக்கியதும் நான்கு திசையில் குதித்து ஓடினோம். குண்டு அகற்றுகிறவர் வந்து, ஒரு மணி நேரம் வயிற்றில் ஊர்ந்து போய், கத்தியால் மெல்லக் கீறினார். உள்ளே நெல்."

வீடு அதிர்ந்தது. ஜன்னலில் தொங்கியவர்களில் இருவர் கீழே விழுந்தார்கள். "குண்டாம்! பாவா காக்கா குண்டு போட்டிரிக்கார்!" றிஸ்னா கையைக் காட்டி அடக்கிவிட்டு மேலே வாசித்தாள்:

"யுத்தத்தில் கீழேயிருந்து என்னை நோக்கி எத்தனையோ வந்திருக்கின்றன. நெல் வந்தது அந்த ஒரு நாள்தான். ஏன் தந்தான் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. லீவில் போகும்போது அதை வீட்டுக்குக் கொண்டு போனேன். என் அம்மா குற்றிச் சமைத்து, முதல் பிடியை அவனை நினைத்து எடுத்து வைத்தாள். அவன் முகம் எனக்கு நினைவில்லை, அவ்வளவு தூசி. சிரிப்பு மட்டும் நினைவிருக்கிறது."

அவ்வளவுதான், அடுத்த பக்கம் வேறு கதை. றுஸ்தி துவாயால் மூக்கைச் சிந்தினான். "ஏன் குடுத்தாரெண்டு தெரியாதாம் அந்தப் பைலட் மாத்தயாவுக்கு! தூத்தின கைக்குக் கூலியல்லவா அது!" பிறகு எழுந்து வந்து பாவாவின் இரண்டு கையையும் பிடித்தான். "மன்னிச்சுக்குங்க காக்கா." ஒவ்வொருவராக வந்து கையைப் பிடித்தார்கள். பாவாவுக்குத் தலை சுற்றியது. சாக்கு இருந்தது, சிரிப்பு இருந்தது, சாரன் இல்லை! அல்லாஹ் அவருடைய மானத்தைத் தூசியால் மூடிக் காப்பாற்றிவிட்டான். கதிரையில் நன்றாகச் சாய்ந்து, செருகலிலிருந்து கையையும் எடுத்தார்.

"மகள்," என்றாள் ஸைனம்பு. "சாரனப் பத்தி ஒண்டும் எழுதல்லியா?"

"சாரனா? இல்லியே உம்மா."

"சாக்குச் சரி. அப்ப சாரன் எங்க போன?"

கூட்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை. பாவாவுக்குப் புரிந்தது. வாய்க்கால் என்ற சொல் பல்லுக்குப் பின்னால் வந்து தயாராக நின்றது. இன்றைக்கு அவர் எதைச் சொன்னாலும் ஊர் நம்பும், ஹெலியில் ஒட்டகம் வந்தது என்றாலும் நம்பும். நிமிர்ந்து ஸைனம்புவைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவள் எழும்பிப் போகாமல் கதையைக் கடைசி வரை கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள். இப்போதும் நிற்கிறாள். இன்றைக்கும் "ம்" என்று சொல்லித் திரும்பிவிட்டால் இனி எந்தப் புத்தகம் வந்தும் அவருக்குப் பிரயோசனமில்லை.

"ஹெலிதான் கொண்டு போச்சு புள்ள" என்றார். "அந்தக் காத்துல கழண்டு போயிட்டு. வல்லாஹி எனக்குத் தெரியாது. அப்பிடியேதான் சாக்கத் தூக்கிக்கிட்டு ஓடினன். சட்ட மட்டும்தான். அந்த ஆக்களுக்கு முன்னால கைய விரிச்சுக்கிட்டு, சிரிச்சுக்கிட்டு... மறுகாதான் குனிஞ்சு பார்த்தன். வெக்கத்துலதான் வாய்க்கால் எண்டு சொல்லிப்போட்டன். மன்னிச்சுக்க புள்ள."

முதலில் ஜன்னல் பக்கம் ஒரு விக்கல் மாதிரிச் சத்தம். பிறகு வீடு வெடித்தது. றுஸ்தி தரையில் உருண்டான். றிஸ்னா புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். பாவா கண்ணை மூடிக்கொண்டார். இவ்வளவு சத்தத்துக்குள்ளும் ஒரே ஒரு குரலுக்காகக் காது கொடுத்துக் காத்திருந்தார்.

அந்தக் குரல் வந்தது. ஸைனம்பு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வடிய வடியச் சிரித்தாள். "அல்லாஹ்வே! இதப் போய் ஒரு மனிசன் பொய்யாச் சொல்லுவானா? ஒரு புத்தகமும் வேணாம், நான் நம்புறன். அண்டைக்கே இதச் சொல்லியிருந்தா அண்டைக்கே நம்பியிருப்பன்!" பாவாவுக்கு நெஞ்சிலிருந்து ஒரு நெல்மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. அவரும் சிரித்தார். வெட்கம் கெட்டுப்போய் எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தார்.

ஸைனம்புவின் சிரிப்பு சட்டென்று நின்றது.

"ஷாகிரா ராத்தா" என்றாள்.

வயலுக்குப் போகிற வழியில், கடைசி வீட்டில் இருக்கிறவள் ஷாகிரா. அந்த நாளில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டு இரண்டு பிள்ளைகளோடு தனியே நின்றவள். இப்போது எழுபது வயது.

"அவட வீட்டுக்குத்தான் குடுத்தீங்க எண்டு நினைச்சன்" என்றாள் ஸைனம்பு. குரல் உடைந்தது. "அண்டையிலருந்து அவட முகத்தப் பார்க்கல்ல. கல்யாண வீட்டுல அவ இருக்கிற பக்கம் இரிக்க மாட்டன். பெருநாளைக்குப் பலகாரம் அனுப்பினா, தொடாமத் திருப்பி அனுப்பிப்போடுவன். ரோட்டுல கண்டா ஒவ்வொரு தரமும் அவ சலாம் சொன்னா. ஒவ்வொரு தரமும்! நான் வாயத் திறக்கல்ல."

பாவா தன் வெட்கத்துக்குத் தான்தான் விலை கொடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். ஒரு சாரனை மறைக்கப் போய், ஒன்றுமறியாத ஒரு பெண்ணை முப்பத்தொரு வருஷம் ரோட்டில் நிறுத்தி வைத்திருக்கிறோம் என்று இப்போதுதான் விளங்கியது. ஊர் சிரித்தபோது வராத அழுகை அப்போது வந்தது.

ஸைனம்பு முந்தானையால் தலையை மூடிக்கொண்டு படியிறங்கிவிட்டாள். பாவா செருப்பைத் தேடி எடுக்கவும் நிற்காமல் பின்னால் ஓடினார். வெயில் இறங்கியிருந்தது. அவள் முன்னால், அவர் பின்னால், தெரு முழுக்க நடந்தார்கள். கடைசி வீட்டு முற்றத்தில் ஷாகிரா முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள். படலையடியில் ஸைனம்பு நின்றாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும், ராத்தா."

ஷாகிரா தலையைத் தூக்கிப் பார்த்தாள். கீரைச் சுளகைப் பக்கத்தில் வைத்தாள். அவசரப்படாமல் எழுந்து, பாவாடையில் ஒட்டிய இலைகளைத் தட்டிவிட்டாள்.

"வஅலைக்கும் ஸலாம். உள்ளுக்கு வா புள்ள" என்றாள். "என்ன, இவ்வளவு நேரங் கழிச்சு வாறாய்?"

ஸைனம்பு அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விம்மினாள். விம்மலுக்கு நடுவே கையை மட்டும் பின்னால் நீட்டிக் கணவனைக் காட்டினாள். "இந்த மனிசனால ராத்தா. கேளுங்க, அவரே சொல்லட்டும்."

பாவா படலைக்குள் வந்து, வெறுங்காலோடு முற்றத்தில் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். முதல் தடவையாகச் சாரனிலிருந்து ஆரம்பித்தார்.